ரீஃப் டேங்க்கோடு வீடு மாறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வடசென்னை வீடுகளுக்காக

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் ரீஃப் டேங்க், அதாவது மீனோடு பவளமும் வளர்க்கும் கடல்நீர் தொட்டி வைத்திருப்பவர்கள் வீடு மாறும் சமயத்தில் என்னிடம் பேசுவதுண்டு. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். 3 அடி, 4 அடி வீட்டுத் தொட்டி, ஊருக்குள்ளேயே ஒன்றிரண்டு மணி நேரப் பயணம் என்ற கணக்கில் எழுதியது.

1. பாதித் தண்ணியை இறக்கிட்டு, மீனோட அப்படியே நாலு பேர் தூக்கி வண்டில வெச்சுட முடியாதா சார்?

முடியாது. மணலைக்கூட உள்ளே விட்டு வைக்க வேண்டாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி விளிம்பு வரை சுமார் 340 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் நீர் மட்டுமே 350 கிலோ வரும். பாதியாகக் குறைத்தாலும் 175 கிலோ. அதன் மேல் கல், மணல், கண்ணாடி. படிக்கட்டில் ஒரு மூலை இரண்டு இஞ்ச் தாழ்ந்தால் நீரெல்லாம் அந்தப் பக்கம் அடித்து அடிக்கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கே உடையாமல் போகலாம். ஆனால் சிலிக்கான் ஒட்டு நூலிழை அளவு பிரிந்திருந்தால், புது வீட்டில் சில நாள் கழித்து ராத்திரி நேரத்தில் கசியத் தொடங்கும்.

மீன் தனியே, கல் தனியே, நீர் தனியே, தொட்டி காலியாக. இதில் சுருக்கு வழி எதுவும் கிடையாது.

2. தண்ணியைக் கொட்டிட்டா அதுல இருக்கற நல்ல பாக்டீரியா எல்லாம் போயிடுமே?

போகாது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை நீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. கல்லின் துளைகள், செராமிக் வளையம், ஸ்பாஞ்ச், மணல் என்று ஏதாவது ஒன்றில் ஒட்டித்தான் வாழ்கின்றன.

வீடு மாறும்போது நீங்கள் உண்மையில் தூக்கிப் போவது இந்தப் பாக்டீரியாவைத்தான். கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம், தண்ணீரைப் புதிதாகக் கலக்கலாம். பல மாதம் ஊறிப் பழுத்த கல்லை ஒரே நாளில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கீழே வரும் பதில்களில் பாதி, அந்தக் கல்லை உயிரோடு கொண்டு சேர்ப்பதைப் பற்றியதுதான்.

3. அப்போ பழைய தண்ணியே வேண்டாமா? எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்?

வேண்டும், ஆனால் முழுவதும் வேண்டாம். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கொண்டுபோனால் போதும். மீனுக்கும் பவளத்துக்கும் பழகிய உப்பளவும் காரத்தன்மையும் திடீரென்று மாறாமல் இருக்கத்தான் இது.

மேல் நீரை எடுங்கள். எதையும் கையால் கலக்குவதற்கு முன்பே ஹோஸ் போட்டு இறக்கிவிட வேண்டும். கல்லை அசைத்த பிறகு வரும் கலங்கல் நீர் கழிவுதான். நிரப்புவதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன்களே வசதி. மூடி இறுக்கமாக நிற்கும், மாடி ஏற ஒரு ஆள் போதும். பெயிண்ட் வாளி, பினாயில் டப்பா, சோப்புத் தண்ணீர் பட்ட பக்கெட் எதுவும் கூடாது, எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

4. மிச்சத்துக்குப் புதுத் தண்ணி எதுல கலக்கறது? மெட்ரோ வாட்டர், போர், கேன், எது நல்லது?

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யமோ அதை ஒட்டியோ காட்டும் ஆர்ஓ நீர், டிஐ (அயனி நீக்கிய) நீர்தான் சரி. வீட்டு ஆர்ஓ மெஷின் இருந்தாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். குடிக்க ருசியாக இருப்பதற்காகப் பல மெஷின்களில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திருப்பிக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடிவிட்டு எடுத்தால் அளவு இறங்கும். கேன் தண்ணீரில் சிலர் தாது சேர்ப்பார்கள், அதையும் அளக்காமல் நம்ப வேண்டாம்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். நம் பக்கம் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் வருகிறது என்பதால் அது சுத்தமான ஆர்ஓ நீர்தானே என்று ஒருவர் கேட்டார். வீட்டுக் குழாய்க்கு வரும் முன் அதில் தாதுவும் குளோரினும் சேர்க்கப்படுகின்றன. தொட்டியைப் பொறுத்தவரை அதுவும் குழாய்த் தண்ணீர்தான். போர்வெல் வேண்டவே வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறிப் பல காலம் ஆகிறது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், ஆனால் அந்த உப்பின் சேர்மானம் கடலின் சேர்மானம் இல்லை.

உப்பு, மரைன் சால்ட் மிக்ஸ் மட்டும். சமையல் கல்லுப்பு உதவாது. 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். பிராண்டுக்குப் பிராண்ட் மாறும் என்பதால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அல்லது ஒப்படர்த்தி 1.025, 1.026 வரும் வரை பாருங்கள். தண்ணீரில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். இந்த நீரைப் புது வீட்டிலேயே, குறைந்தது ஒரு நாள் முன்னால் கலந்து மோட்டாரை ஓட விட்டு வையுங்கள்.

5. எங்க வீடு காசிமேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. கடல் தண்ணியே ரெண்டு டிரம் எடுத்துக்கிட்டா உப்புச் செலவு மிச்சம்தானே?

ஆசை புரிகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்து நீரில் டீசலும் படகு பெயிண்டும் இருக்கும். அந்தப் பெயிண்டில் படகின் அடியில் எதுவும் ஒட்டாமல் இருக்கத் தாமிரம் சேர்ப்பார்கள். இறாலையும் பவளத்தையும் கொல்ல மிகக் கொஞ்சம் தாமிரம் போதும். வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து படகும் வலையும் கறுத்துப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை சமயத்தில் ஆற்று நீர் சேர்ந்து கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடும். காசிமேட்டிலிருந்து எடுக்கத் தக்கது தெர்மாகோல் பெட்டிதான். மீன் ஏற்றும் அந்தக் கனமான பெட்டி சூட்டை நன்றாகத் தடுக்கும். புதிதாகக் கிடைத்தால் நல்லது. பழையதென்றால் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் பலமுறை கழுவி வெயிலில் காயவையுங்கள்.

6. எந்த மாசம், எந்த நேரத்துல மாத்தறது நல்லது?

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறுவதில்லை, ஐப்பசி கார்த்திகையில் மழை. தையும் மாசியும்தான் தொட்டிக்கு நிம்மதியான மாதங்கள். கத்திரி வெயிலில் மாறியே ஆக வேண்டும் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் முதல் கேன் நிரம்பியிருக்க வேண்டும். 25 முதல் 27 டிகிரியில் வாழும் பவளம், மூடிய வண்டிக்குள் மதிய வெயிலில் தாக்குப்பிடிக்காது. இரண்டு பகுதிக்கும் மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடைப் பட்டியலையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பால் காய்ச்சும் நாளும் தொட்டி மாற்றும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம். அன்றைக்குச் சொந்தபந்தம் நிறைந்திருக்கும், சாம்பிராணிப் புகையோ ஹோமப் புகையோ இருக்கும். ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்து நீரில் கலக்கும் கருவி. அறையில் இருப்பது தொட்டிக்குள் போகும். புது பெயிண்ட், வார்னிஷ் வாடை அடங்கும் வரை காத்திருங்கள். வீட்டுக்காரர் கரப்பான் மருந்து, கொசு மருந்து அடித்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து மனிதரைவிட இறாலுக்கும் மீனுக்கும் மிகக் கடுமையான விஷம்.

7. மணலை அப்படியே அள்ளி, புது இடத்துல கொட்டிடலாமா?

மாற்றும்போது நடக்கும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மணல்தான் காரணம் என்பேன். மேலே வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கும். கண்ணாடியின் ஓரமாகக் குனிந்து பாருங்கள்: மேலிருந்து ஓர் இஞ்சுக்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே சாம்பல் நிறம், சில இடத்தில் கறுப்புத் திட்டு. கரண்டியால் அந்தக் கறுப்பைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வரும். ஆக்சிஜன் இல்லாத அந்த அடியில் உருவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. பல மாதக் கழிவும் அங்கேயே தங்கியிருக்கும். கிளறாதவரை தொந்தரவு இல்லை. அள்ளிக் கொட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் நீரில் இறங்கும்.

என் யோசனை: புது மணல் வாங்கிவிடுங்கள். பழையதில் மேலாக ஒரு கப் மட்டும் எடுத்துப் பழைய நீரில் அலசி, புது மணலின் மேல் தூவுங்கள். பழைய மணல்தான் வேண்டும் என்றால், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாளியில் எடுத்து நீர் தெளிவாக ஓடும் வரை அலசுங்கள். அதன் பாக்டீரியா போய்விடுமே என்றால், போகட்டும். இரண்டாம் பதிலில் சொன்னபடி கல்லில் போதுமான அளவு இருக்கிறது.

8. கல்லுக்கு ஈரத்துணி போதுமா, தண்ணியிலேயேதான் வைக்கணுமா?

நீரில் மூழ்கியிருந்தால் மிக நல்லது. கனம் தாங்காது என்றால், தொட்டி நீரில் நனைத்த துணியோ செய்தித்தாளோ சுற்றிப் பெட்டியில் மூடிவைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். பாக்டீரியாவுக்கு ஈரமும் காற்றும் இருந்தால் போதும். கல்லின் இடுக்கில் வளர்ந்த கடற்பஞ்சுதான் காற்றுப் பட்டால் செத்து, பின்னால் அமோனியாவாகத் திரும்பி வரும். அப்படிப்பட்ட கல்லை நீருக்குள்ளேயே டப்பாவுக்கு மாற்றுங்கள்.

கேனிஸ்டர் ஃபில்டரை மட்டும் மூடி போட்டு அப்படியே வண்டியில் ஏற்ற வேண்டாம். நீரோட்டம் நின்ற மூடிய டப்பாவில் பாக்டீரியா சீக்கிரமே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகும். திறந்து, உள்ளிருக்கும் வளையங்களையும் ஸ்பாஞ்சையும் கல்லோடு சேர்த்து ஈரமாக வையுங்கள்.

9. மீனைப் பிடிக்கறதுதான் பெரிய பாடு. எப்படிப் பிடிக்கறது, எதுல கொண்டு போறது?

கல்லை முதலில் வெளியே எடுங்கள், நீரைக் கால்வாசிக்கு இறக்குங்கள். அதன் பிறகு மீனைத் தேடுங்கள். கல் உள்ளே இருக்கும்போது வலையோடு துரத்தினால் மீன் களைத்துப் பாதி செத்துவிடும். வலையைவிட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா நல்லது. டேங் மீனின் வால் அடியில் கத்தி போன்ற முள் இருக்கும், வலையில் சிக்கி அதற்கும் வலி, உங்கள் கைக்கும் வெட்டு. லயன் ஃபிஷ் முள்ளில் விஷம் உண்டு என்பதையும் உதவிக்கு வந்தவர்களிடம் சொல்லிவையுங்கள். எடுத்த கல்லையும் ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள், சிறு மீனும் இறாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும்.

மாற்றுவதற்கு ஒரு நாள், பெரிய மீனென்றால் இரண்டு நாள் தீனி போடாதீர்கள். வயிறு காலியானால் பையில் கழிவு குறையும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு மூடியுள்ள வாளியும் பேட்டரி ஏர் பம்ப்பும் போதும். அதற்கு மேல் என்றால், கொளத்தூர் கடைகளில் செய்வது போல மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன் என்று பை கட்டி, தெர்மாகோல் பெட்டியில் இருட்டாக வையுங்கள். சண்டைக்கார மீனுக்குத் தனிப் பை. முள் மீனுக்கு இரட்டைப் பை.

10. கோரல், அனிமோன் எல்லாம் கையால எடுக்கலாமா?

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எடுங்கள். சோவாந்திட் என்ற பொத்தான் போன்ற பவள வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கீறலுள்ள கையில் படுவதும், கண்ணில் தெறிப்பதும், எல்லாவற்றையும்விட அதன் ஆவியை மூச்சில் இழுப்பதும் மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும். அது ஒட்டியிருக்கும் கல்லைக் காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள். வேண்டாத கல் என்று வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தக் கல் இருக்கும் டப்பாவைத் தனியே மூடிவையுங்கள்.

சதை பெரிதாக விரியும் பவளங்களை விரிந்த நிலையில் தூக்கினால் நீரின் கனத்திலேயே கிழியும். விளக்கை அணைத்து, மெதுவாகத் தட்டி, சுருங்கிய பிறகு எடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில், நீருக்குள்ளேயே. அனிமோனை (கடல் சாமந்தி) பாறையிலிருந்து பிய்க்காமல், ஒட்டிய கல்லோடு சேர்த்துக் கொண்டுபோவதே நல்லது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் விரல் நுனியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், நகம் படக் கூடாது. பாதம் கிழிந்த அனிமோன் பெரும்பாலும் பிழைப்பதில்லை, அழுகினால் மற்றதையும் கெடுக்கும்.

11. பவளம் வீட்டுல வெச்சிருக்கறதே தப்புன்னு சொல்றாங்களே, வழியில பிடிச்சா?

கேட்க வேண்டிய கேள்வி. நம் கடலில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கறுப்புப் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அங்கிருந்து வந்த பவளத்தையும் பவளக் கல்லையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் அதில் வாழ்ந்த அத்தனையும் போகிறது. நம் வரவேற்பறை அழகுக்காக அதைச் செய்வதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. செயற்கைப் பாறையும் சில மாதங்களில் இரண்டாம் பதிலில் சொன்ன பாக்டீரியாவால் நிறைந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து சட்டப்படி வந்தது என்று சொல்லி விற்றால் பில்லையும் இறக்குமதித் தாளின் நகலையும் வாங்கி வையுங்கள், மாற்றும் நாளில் கையிலேயே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் நேரில் கேளுங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது.

12. குட்டியானை ஒண்ணு போதுமா? வழியெல்லாம் டிராஃபிக்கா இருக்குமே?

4 அடி தொட்டிக்கு ஒரு குட்டியானை தாராளம், ஆனால் அந்த நடையில் தொட்டிச் சாமான் மட்டும்தான் ஏற வேண்டும். பீரோவும் கட்டிலும் வேறு நடை. காலித் தொட்டியைப் படுக்கவைக்காமல், அதன் அடிப்பலகையோடு நிற்கவைத்து, கீழே தெர்மாகோல் ஷீட், பக்கத்தில் மெத்தை கொடுத்துக் கட்டுங்கள். மீன் பெட்டியும் பவள டப்பாவும் முடிந்தால் ஏசி காரில் உங்களோடு வரட்டும்.

வழியை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் நகர முடியாது. கொருக்குப்பேட்டை கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை மறந்துவிடுங்கள். டிரைவரிடம் வண்டியில் உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவரே பள்ளம் பார்த்து ஓட்டுவார், நான் பார்த்தவரை.

13. புது வீடு மாடில. பழைய காலத்துக் கட்டடம். வெயிட் தாங்குமா?

முதல் பதிலில் சொன்ன தொட்டி, கல், ஸ்டாண்டு, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) எல்லாம் சேர்ந்து அரை டன் வரும். அது நிற்கும் இடம் அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில் கட்டுகிறார்கள். அது முழுத் தளத்துக்குமான சராசரிக் கணக்கு என்பதால், நல்ல கான்கிரீட் வீட்டில் பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் தாங்கும். அறையின் நடுவிலும், பால்கனியிலும் வைக்க வேண்டாம்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னும் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் வேறு கதை. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த தளம் அது. அண்ணாந்து பார்த்தால் மர உத்திரம் தெரிந்தால் மாடியில் பெரிய தொட்டி கூடாது, தரைத்தளத்தில் வையுங்கள். எந்த வீடானாலும் கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டும் செலவு, தொட்டி விலையில் சிறு பங்குதான்.

14. கரெண்ட் விஷயத்துல என்ன பார்க்கணும்?

எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள், வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். இன்வெர்ட்டரில் நீரோட்டம் தரும் வேவ்மேக்கரும் ஏர் பம்ப்பும் ஓடினால் போதும்.

தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைச் சாய்க்காமல் கொண்டுபோங்கள். இறக்கியதும் ஓடவிடாதீர்கள். நிமிர்த்தி நாலைந்து மணி நேரம், வழியில் படுத்துவிட்டதென்றால் ஒரு முழு நாள் காத்திருங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் அடியில் இறங்கட்டும். அதுவரை அறை ஏசி போட்டுச் சமாளிக்கலாம்.

15. அங்க போய்ச் சேர்ந்ததும் எதை முதல்ல செய்யணும்?

ஸ்டாண்டை வைத்து ரசமட்டம் பாருங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். ஷீட் போட்டுத் தொட்டி, பிறகு கல், பிறகு அலசிய மணல். கல் நேராகக் கண்ணாடித் தரையில் உட்காரட்டும், மணல் மேல் வைத்தால் பின்னால் சரியும். பழைய நீர் பாதி, நாலாம் பதிலில் கலந்து வைத்த நீர் மீதி. ஒரு தட்டின் மேல் ஊற்றினால் மணல் கலங்காது.

மோட்டார், ஸ்கிம்மர் ஓடட்டும். கலங்கல் தெளிந்து, வெப்பமும் உப்பும் சரியானதும் பவளம், கடைசியாக மீன். இந்த இடத்தில்தான் எல்லோரும் களைத்துப்போய் அவசரப்படுகிறார்கள். வாளியில் ஏர் பம்ப் ஓடுகிறதென்றால் மீனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகாது; சாப்பிட்டுவிட்டு வந்து செய்யுங்கள்.

16. மீனை விடறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுப் பழக்கணும்னு சொல்றாங்க. சரியா?

இந்த மாதிரி மாற்றத்துக்குத் தேவையில்லை. மீன் இருப்பது அதன் சொந்தத் தொட்டி நீரில். பையை மிதக்கவிட்டு வெப்பம் ஒன்றாக கால் மணி நேரம், உப்பளவு ஒன்றுதானா என்று ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் மட்டும் உப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும் மெதுவாகச் சேருங்கள்.

பல மணி நேரம் கட்டிய பையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் விடும் கரியமில வாயுவால் பை நீரின் பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்து காற்று ஊதினால் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவ அமோனியா கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். அதனால் நெடும் பயணப் பையைத் திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்து விட்டு, பை நீரைக் கொட்டிவிடுங்கள்.

17. மூணாம் நாள் டெஸ்ட் கிட்டில் அமோனியா காட்டுது. எல்லாம் போச்சா?

போகவில்லை. கல்லில் எங்கோ எதுவோ செத்திருக்கிறது. முதலில் தலையை எண்ணுங்கள், இடுக்கில் செத்த மீனோ நத்தையோ இருந்தால் எடுங்கள். கலந்து வைத்த நீரில் நாலில் ஒரு பங்கு மாற்றுங்கள். தீனி மிகக் குறைவு, ஸ்கிம்மர் முழு வேகம், புது ஆக்டிவேட்டட் கார்பன். இதற்காகவே மாற்றும் நாளுக்குத் தேவையானதற்கு மேல் 50, 60 லிட்டர் உப்பு நீரைக் கையில் வைத்திருக்கச் சொல்வேன்.

இரண்டு வாரம் தினமும் அளந்து பாருங்கள். விளக்கைக் குறைந்த நேரத்தில் தொடங்கி ஏற்றுங்கள். பழுப்புப் பாசி படர்ந்தால் பயப்பட வேண்டாம், புது மணலில் அது வந்து தானே போகும். ஒரு மாதத்துக்குப் புது மீன் வாங்கவே கூடாது.

18. ரெண்டு வீடும் பத்து நாள் என் கையில இருக்கு. அப்போ எப்படிச் செய்யறது?

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கூடுதலாகத் தொட்டி ஒன்று இருந்தால் புது வீட்டில் முதலிலேயே நீரும் மணலும் போட்டு ஓடவிடுங்கள். பழைய தொட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கல்லைக் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு மூன்று நாள் அமோனியா பூஜ்யமாக நின்றால் மீதியைக் கொண்டுபோகலாம். அவசரம் என்ற ஒன்றே இல்லாத மாற்றம் இது.

19. பழைய வீட்டைக் காலி பண்ணியாச்சு, புது வீட்டுச் சாவி ஒரு வாரம் தள்ளிப் போச்சு. நடுவுல எங்க வெக்கறது?

நண்பர் வீட்டிலோ கடையிலோ நிழலான ஓர் இடம் பிடியுங்கள். உணவுத் தரமுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பில் கல்லையும் மீனையும் சேர்த்தே வையுங்கள். கல் கூட இருந்தால் அமோனியாவைப் பார்த்துக்கொள்ளும். ரசாயனம் வந்த நீல டிரம் கூடாது. வேவ்மேக்கர் ஒன்று, ஏர் பம்ப் ஒன்று, மேலே கொசுவலை இறுக்கமாக, ஏனென்றால் புது இடத்தில் மீன் துள்ளிக் குதிக்கும். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் உப்பில்லாத ஆர்ஓ நீரை ஊற்றுங்கள். பவளத்துக்குப் பழைய விளக்கையே மேலே தொங்கவிடலாம். அனிமோன் நடமாடும், அதனால் மோட்டார் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

தினமும் அமோனியா பாருங்கள், காட்டினால் 17ஆம் பதில். சாவி கைக்கு வந்ததும் நாலாம் பதிலில் சொன்ன நீரை அங்கே முதலில் கலந்து வைத்து, மறுநாள் 15ஆம் பதிலில் சொன்ன வரிசையில் இறக்குங்கள். தீனி நிறுத்துவது அந்த இரண்டாம் பயணத்துக்கும் உண்டு.